கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இல்லை



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று, பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாளில் நீல மையால் எழுதப்பட்டிருந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரையும் சொல்லாது விடுகிறேன். கணவர் வளைகுடா நாட்டில் பணி புரிகிறார். அவர் அனுப்பும் பணத்திற்கு மாதந்தோறும் இவர் கணக்கெழுதி அனுப்புகிறார். மளிகைக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக்கு இவ்வளவு, மாமியாரின் மருந்துக்கு இவ்வளவு. ஒரு மாதம் கணக்குத் தாமதமானால் தொலைபேசியில் கேள்வி வந்துவிடுகிறதாம்.

அவர் கேட்பது இதுதான்: "எங்கள் ஊர் ஏரி மதகைப் பழுது பார்த்ததாகப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் தொகையும் இருக்கிறது. மதகில் நீர் கசிவது நிற்கவில்லை. பிப்ரவரியில் பட்ஜெட் வந்தால் எதற்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வருகிறது. ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லையே! என்னிடம் கணக்குக் கேட்க என் கணவர் இருக்கிறார். அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பவர் யார்?"

சகோதரியே, உங்கள் கேள்வியின் விடை உங்கள் வட்டத்தின் தலைநகரிலேயே கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றிற்காக அப்பகுதிக்குச் சென்றிருந்தேன். திரும்பும் பேருந்திற்கு நேரமிருந்தது. உத்திரமேரூர்க் கடைத்தெருவில் விசாரித்து, வைகுண்டப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த அந்தப் பழைய மண்டபத்திற்குப் போனேன். கட்டடம் பெரியதன்று. அதன் அடித்தளத்திலும் சுவரிலும் வரிவரியாக எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபையார் செய்துகொண்ட ஏற்பாடுகள் அவை. தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் 1904-05இல் வெங்கையா என்னும் கல்வெட்டறிஞர் விரிவாக எழுதிய பின்னரே உலகம் அவற்றை அறிந்தது.

இக்கல்வெட்டைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் குடவோலையைப் பற்றியே பேசுகிறார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஓலையை வாங்குபவன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்க வேண்டும். மறைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா! இவையெல்லாம் பள்ளிப் பாடநூல்களிலும் உண்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமர் பேசியபோதும் உத்திரமேரூரின் பெயர் ஒலித்தது.

ஆனால் என் கண்ணை நிறுத்தியது வேறொரு பகுதி. யாருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முன்னே நிற்பவர், முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமற் போனவர். அவர் மட்டுமா? அவருடைய தந்தை, மகன், மாமனார், மருமகன், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், அத்தை மக்கள், மாமன் மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள் என்று உறவினரையும் வரிசையாக எண்ணி நீக்கியிருக்கிறார்கள். தாம் விலகி மைத்துனரை நிறுத்தும் தந்திரத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருக்கிறார்கள் பாருங்கள்! கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பில் இருந்தவர்க்கும் மறுவாய்ப்பு இல்லை.

தெரிவானவர்களுள் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். இவை தவிரப் பொன் வாரியமும் பஞ்சவார வாரியமும் தனியே அமைக்கப்பட்டன. பொறுப்பு 360 நாட்கள். இடையில் குற்றம் வெளிப்பட்டால் அன்றே நீக்கம். ஊர்க் கணக்கனுக்கும் ஒரு விதி உண்டு. நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவனே கணக்கெழுதலாம். அவன் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் தானே காட்டித் தூயவன் எனப்பட்ட பின்னரே அவனுக்கு மீண்டும் அப்பணி. ஒருவன் எழுதிய கணக்கை இன்னொருவன் போய் ஒப்பிக்க இயலாது.

இங்கே ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சபை பிராமணர் குடியிருப்பின் சபை. சொந்த நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய 35 வயது முதல் 70 வயது வரையிலான ஆடவர்க்கே குடத்தில் இடம். உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அங்கே பெயரில்லை. எனவே அதை இன்றைய குடியாட்சியோடு ஒன்றாக வைத்து மார்தட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எனினும் பொதுப் பணத்தைத் தொட்டவன் ஆண்டு முடிவில் அதைக் காட்ட வேண்டும், காட்டாதவன் மீண்டும் தொடக்கூடாது என்ற நெறி அங்கே இருந்தது. அதைக் கொள்வதில் தயக்கம் எதற்கு?

இனி டெல்லிக்கு வருவோம்.

இங்கிலாந்தில் 1861ஆம் ஆண்டு, கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது, பொதுக் கணக்குக் குழு என்ற ஒன்று நிலையாக அமைந்தது. இந்தியாவிற்கு அது 1921இல் வந்து சேர்ந்தது. வந்த விதத்தைக் கேட்டால் வியப்பீர்கள். ஆங்கிலேய அரசின் நிதி உறுப்பினர் எவரோ அவரே அக்குழுவிற்குத் தலைவர்! குழுவின் அலுவலகமும் நிதித் துறைக்குள்ளேயே இருந்தது. செலவு செய்தவரே கணக்குப் பார்க்கும் நாற்காலியிலும் அமர்ந்தார். 1950இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே குழு மக்களவைத் தலைவரின் ஆளுகைக்குள் வந்து, உண்மையான நாடாளுமன்றக் குழுவாயிற்று. அப்போதும் தலைமை ஆளுங்கட்சியிடமே இருந்தது. 1967இல்தான் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒருவரைத் தலைவராக்கும் மரபு பிறந்தது. அவ்வாறு முதலில் அமர்ந்தவர் மினூ மசானி, நம் ராஜாஜி தோற்றுவித்த சுதந்திரா கட்சியைச் சேர்ந்தவர். 1970களின் தொடக்கத்தில் நம் இரா. செழியனும் அந்த நாற்காலியில் அமர்ந்து, கணக்குகளை நுணுகி ஆராய்பவர் என்று எல்லாக் கட்சியினரிடமும் பெயர் பெற்றார். இது மரபுதானே ஒழியச் சட்டத்தில் எழுதப்பட்டதன்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழுவில் 22 பேர். மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. கட்சிகளின் பலத்திற்கேற்ப விகிதாசார முறையில் தேர்தல். அமைச்சராக இருப்பவர் உறுப்பினராக முடியாது. பதவிக்காலம் ஓராண்டு. உத்திரமேரூரின் 360 நாட்களை இங்கே நினைத்துக்கொள்வது தவறாகாது.

இக்குழுவிற்குக் கண்ணும் காதுமாக இருப்பவர் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். பத்திரிகைகளில் சி.ஏ.ஜி. என்று படிக்கிறீர்களே, அவர்தாம். அரசமைப்பின் 148ஆம் பிரிவு அவரை உருவாக்குகிறது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது எவ்வளவு கடினமோ அவ்வளவு கடினம் அவரை நீக்குவதும். அரசமைப்பு அவையில் இந்தப் பதவி பற்றி விவாதம் நடந்தபோது, இந்த நாட்டின் மிக முக்கியமான அதிகாரி இவராகவே இருக்கக்கூடும் என்ற கருத்தை டாக்டர் அம்பேத்கர் வெளியிட்டார். தணிக்கையாளர் தம் அறிக்கையைக் குடியரசுத் தலைவரிடம் தருகிறார். அவர் அதை நாடாளுமன்றத்தின் முன் வைக்கச் செய்கிறார். மாநிலமாயின் ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்திற்கு வருகிறது. அங்கிருந்து பொதுக் கணக்குக் குழுவிற்குப் போகிறது.

குழு என்ன செய்கிறது? நூற்றுக்கணக்கான தணிக்கைப் பத்திகளுள் சிலவற்றைத் தெரிந்தெடுக்கிறது. அமைச்சரை அழைப்பதில்லை. துறைச் செயலாளரை அழைக்கிறது. மூடிய கதவுக்குள், தணிக்கையாளர் தலைவருக்குத் துணையாக அமர்ந்திருக்க, கேள்விகள் நடக்கின்றன. இந்தப் பணத்தை அவை எதற்காக அனுமதித்ததோ அதற்கே செலவிட்டீர்களா? அனுமதித்ததைவிட அதிகம் செலவிட்டிருந்தால் காரணம் என்ன? பொருளை ஏன் இந்த விலைக்கு வாங்கினீர்கள்? வாங்கிய இயந்திரம் பெட்டி பிரிக்கப்படாமல் ஏன் கிடக்கிறது? பின்னர் அறிக்கை எழுதி அவையில் வைக்கிறார்கள். ஆறு மாதத்திற்குள் அரசு என்ன நடவடிக்கை எடுத்தது என்று பதில் தர வேண்டும். பதில் திருப்தியளிக்காவிட்டால் அதற்கும் ஓர் அறிக்கை வரும்.

பொதுக் கணக்குக் குழு தனித்து நிற்பதன்று. மதிப்பீட்டுக் குழு ஒன்று 1950இல் அமைந்தது. அனந்தசயனம் ஐயங்கார் அதன் முதல் தலைவர். பொதுத்துறை நிறுவனங்களுக்கென 1964இல் இன்னொரு குழு. துறைவாரியான நிலைக்குழுக்கள் 1993இல் 17 ஆகத் தொடங்கி, 2004இல் 24 ஆயின. இவை ஏன் வேண்டும் என்றால், அவையில் நேரமில்லை. பல அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் விவாதமே இன்றி, கடைசி நாளில் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்பிற்கு விடப்படுகின்றன.

எவ்வளவு பெரிய தொகை இவ்வாறு நிறைவேறுகிறது என்று பாருங்கள். 2025-26ஆம் ஆண்டிற்கான மத்திய நிதிநிலை அறிக்கையின் மதிப்பீடு 50 இலட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 12 இலட்சத்து 76 ஆயிரம் கோடி. நம் வீட்டுக் கணக்கில் சொல்வதானால், செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 25 ரூபாய் பழைய கடனின் வட்டிக்குப் போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. எஞ்சிய 75 ரூபாயில்தான் இராணுவம், இரயில், மருத்துவமனை, மாநிலங்களுக்குத் தரும் உதவி எல்லாம். வீட்டில் இந்த நிலை வந்தால் ஒவ்வொரு ரூபாயையும் எத்தனை முறை திருப்பிப் பார்ப்போம்!

தணிக்கை பார்க்கும்போது எவ்வளவு எளிய தவறுகள் வெளிப்படுகின்றன என்பதற்கு ஒரு சான்று. ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழரை இலட்சம் பயனாளிகளின் பெயர்களுக்கு எதிரே ஒரே தொலைபேசி எண் பதிவாகியிருந்தது. என்ன எண் தெரியுமா? ஒன்பது என்னும் இலக்கத்தையே பத்து முறை அடுக்கிய எண்! பயனாளியை உறுதி செய்யத் தொலைபேசி எண் கட்டாயமன்று என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. விளக்கம் சரியோ தவறோ, கேட்டதனால் அல்லவா விளக்கம் வந்தது?

இப்போது உங்கள் மாவட்டத்திற்கே திரும்புகிறேன், சகோதரியே. ஏரியைப் பற்றி அல்லவா கேட்டீர்கள்.

2015 டிசம்பர் முதல் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. இடைவிடாத மழை. காஞ்சிபுரம் மாவட்டத்துச் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து, நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. முடிச்சூரும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் நீரில் மூழ்கின. பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்தன. நம் இளைஞர்கள் தேக்சாவில் சோறாக்கிப் படகில் கொண்டுபோனார்கள். யார் தவறு என்று எல்லோரும் கேட்டார்கள். மழையின் தவறு என்றார் சிலர், அதிகாரிகளின் தவறு என்றார் சிலர். எவரிடமும் தாளில் ஆதாரம் இல்லை.

தாளைத் தேடிப் போனவர்கள் தணிக்கையாளர்கள். எந்த மணியில் எவ்வளவு நீர் வந்தது, எந்த மணியில் எவ்வளவு திறக்கப்பட்டது, ஏரியில் இன்னும் எவ்வளவு கொள்ளும் என்று பதிவேடுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். ஏரி முழுக் கொள்ளளவை எட்டுவதற்கு முன்பே, தேவைக்கு மிகுதியாக நீர் திறக்கப்பட்டது என்றும், இதனை மனிதரால் விளைந்த பேரிடராகவே கருத வேண்டும் என்றும் எழுதினார்கள். அரசு அதனை மறுத்தது. ஏரியின் பாதுகாப்பு கருதியே திறந்தோம் என்றது. இரு தரப்பும் இப்போது எழுத்தில் இருக்கின்றன. படிக்க விரும்புவோர் படிக்கலாம்.

ஆனால் அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது எப்போது? 2018 ஜூலையில். வெள்ளம் வடிந்து இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அதன் பிறகல்லவா பொதுக் கணக்குக் குழு அதைக் கையில் எடுக்க முடியும்! அதற்குள் எத்தனை அதிகாரிகள் மாறியிருப்பார்கள், எத்தனை பேர் ஓய்வு பெற்றிருப்பார்கள்? சுவரில் நீர் ஏறிய கோடு மட்டும் பல வீடுகளில் மாறாமல் இருந்தது.

இங்கேதான் என் ஆதங்கம். தணிக்கை அறிக்கையை அவையின் முன் வைக்க வேண்டும் என்று அரசமைப்பின் 151ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அறிக்கை கைக்கு வந்த பின்னும் கூட்டத்தொடரின் கடைசி நாள் வரை, சில வேளைகளில் அடுத்த கூட்டத்தொடர் வரை, பெட்டியில் கிடக்கலாம். மத்தியிலும் மாநிலங்களிலும், எந்தக் கட்சி ஆண்டாலும் இது நடந்திருக்கிறது. உத்திரமேரூர்ச் சபையார் நாள் குறித்தார்கள். நாம் குறிக்கவில்லை. இத்தனை நாளுக்குள் வைத்தாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? நம் வாக்குக் கேட்டு வரும் எவரிடமும் இதைக் கேட்கலாம். செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

குழுவே உடைந்துபோன கதையும் ஒன்று உண்டு. 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய தணிக்கை அறிக்கை 2010 நவம்பரில் வந்தது. அரசிற்கு 1 இலட்சத்து 76 ஆயிரம் கோடி ரூபாய் வரை இழப்பு நேர்ந்திருக்கலாம் என்று அனுமானித்த அறிக்கை அது. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்ந்து வரைவு எழுதியது. 2011 ஏப்ரல் 28 அன்று நடந்த கூட்டத்தில் பெருங்கூச்சல். தலைவர் கூட்டத்தை ஒத்திவைத்து வெளியேறினார். ஆளும் தரப்பினரும் அவர்களை ஆதரித்தோரும் வேறொரு தலைவரைத் தெரிந்து வரைவையே நிராகரித்தனர். ஜோஷி அதை மக்களவைத் தலைவருக்கு அனுப்ப, அவர் பின்னர் அதைத் திருப்பி அனுப்பினார். கட்சி பாராது ஒருமித்து அறிக்கை தருவதே அக்குழுவின் பெருமையாக இருந்தது. அன்று அதில் கீறல் விழுந்தது.

அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தணிக்கை வேறு, குற்ற விசாரணை வேறு. பணம் விதிப்படி, சிக்கனமாக, குறித்த காரியத்திற்குச் செலவாயிற்றா என்று பார்ப்பது தணிக்கை. திருடன் யார் என்று சொல்வது நீதிமன்றம். கணக்குக் கேட்டவுடனேயே ஒருவரைத் திருடன் என்று முடிவு கட்டுவது பெரும் அநீதி.

அந்த அநீதியை நானே செய்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் சுற்றுச்சுவர் இடிந்து, ஜமாஅத்தில் வசூல் செய்து புதிதாகக் கட்டினோம். ஆண்டு முடிவில், ஜும்ஆவிற்குப் பின் வழக்கமாகப் படிக்கும் வரவு செலவை அவ்வாண்டு படிக்கவில்லை. அடுத்த ஆண்டும் படிக்கவில்லை. பொருளாளராக இருந்த பெரியவரைப் பற்றித் தேநீர்க் கடையில் பேச்சுக் கிளம்பியது. நானும் அதில் கலந்துகொண்டேன். "கல் என்ன விலை, கம்பி என்ன விலை, இவ்வளவா ஆகும்?" என்று தெரிந்தவன் போலக் கேட்டேன். செவி வழியாக அது அவரை அடைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் எழுந்து, தடித்த நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மிம்பருக்கு அருகில் வைத்தார். ஒவ்வொரு சிமெண்டு மூட்டைக்கும் ரசீது ஒட்டியிருந்தது. குறைந்த தொகையைத் தம் கைப்பணத்திலிருந்து போட்டு, அதையும் எழுதாமல் விட்டிருந்தார். பின் ஏன் படிக்கவில்லை? "யாரும் கேட்கவில்லையே" என்றார். நிர்வாகத்தினருக்குள் இருந்த மனத்தாங்கலில் கணக்குப் படிக்கும் கூட்டத்தையே கூட்டாமல் விட்டிருக்கிறார்கள். அவர் மறுநாளே பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். எவ்வளவு கேட்டும் திரும்ப வரவில்லை. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை தம்பி" என்றார். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

1995ஆம் ஆண்டின் வக்ஃபு சட்டம் முத்தவல்லிகள் ஆண்டுதோறும் வாரியத்திற்குக் கணக்குத் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதை நம்மைச் சந்தேகிக்கும் விதி என்று முணுமுணுப்போர் உண்டு. அந்தப் பெரியவரை அறிந்த பின் எனக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. தணிக்கை நல்லவர்க்கும் அல்லவா வேலியாக நிற்கிறது!

சகோதரியே, இனி உங்கள் மதகிற்கு வருகிறேன். டெல்லிக் குழு உங்கள் ஏரிக்கு வராது. தமிழ்நாடு சட்டமன்றத்திற்கும் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு என்று உண்டு. அவை மாவட்டங்களுக்கு நேரில் வந்து பணிகளைப் பார்வையிடுகின்றன. வரும் நாளும் இடமும் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சிறு செய்தியாக வரும். அந்தப் பக்கத்தைப் பொட்டலம் கட்டப் போடுமுன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதனினும் அருகில் இருப்பது கிராம சபை. உத்திரமேரூர் பேரூராட்சியாகிவிட்டதால், குடவோலையின் ஊரிலேயே இன்று கிராம சபை இல்லை! ஆனால் உங்கள் ஊர் ஊராட்சி. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அங்கே கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்தன. ஊராட்சியின் வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டியவை. ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்ததா, ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஏரிகள் நீர்வளத் துறையின் கீழும், சிற்றேரிகள் பெரும்பாலும் ஒன்றியத்தின் கீழும் இருக்கும். எந்த அலுவலகம் பணத்தைச் செலவிட்டதோ அந்த அலுவலகத்திடம், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பணியின் மதிப்பீட்டு நகலையும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்கலாம். மனுவிற்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அளவுப் புத்தகம் என்பது நீங்கள் கணவருக்கு எழுதும் கணக்கைப் போன்றதே. எத்தனை அடிச் சுவர், எவ்வளவு கலவை, எந்தத் தேதியில் அளந்தது என்று அதில் இருக்கும். பலகையில் எழுதிய தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், பின்னர் நினைவு வந்ததுபோல், சிறு எழுத்தில் இன்னொரு கேள்வியும் எழுதியிருந்தீர்கள். கூட்டத்தில் பெண்கள், அதிலும் நம் வீட்டுப் பெண்கள், எழுந்து பேசலாமா என்று. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். உங்கள் பெயர் இருக்கிறது, உங்கள் மாமியாரின் பெயரும் இருக்கிறது. இருவருமாகச் செல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை முன்னரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். யார் தின்றார்கள் என்று கேட்க வேண்டாம். மதகுப் பணியின் செலவு எந்தக் கணக்கில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள். இதே பக்கத்தில் வெளியிடுவேன், இன்ஷா அல்லாஹ்.